90 மி.மீ. எப்படி 85.8 மி.மீ. ஆனது? கிளாசிக் 350-இன் வரலாறும் இன்ஜினும்

#1 நெம்புகோல் (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் வீட்டு முற்றத்தில் இரண்டு வண்டிகள் அருகருகே நிற்கின்றன. ஒன்று, என் அப்பா 1986-இல் வாங்கிய, வார்ப்பிரும்பு சிலிண்டர் கொண்ட புல்லட் 350. மற்றது, நான் 2022-இல் வாங்கிய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் அண்ணன் தம்பி என்றே சொல்லலாம். நீர்த்துளி வடிவ டேங்க், முகப்பு விளக்கின்மேல் தொப்பி போலக் கவிந்திருக்கும் உலோக மூடி, அதன் இருபுறமும் கண்ணிமை போன்ற குட்டி விளக்குகள் என எல்லாமே அப்படியே இருக்கின்றன.

இன்ஜின் விவரங்களை எடுத்து வைத்தபோதுதான் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. பழைய புல்லட்டின் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம்) 90 மி.மீ.; கொள்ளளவு 346 சி.சி. இங்கிலாந்தில் 1948-இல் காட்டப்பட்ட புல்லட்டுக்கும் இதே அளவுதான். 2009-இல் வந்த முதல் கிளாசிக் 350-இல் உள்ளே இருந்த பெரும்பாலான பாகங்கள் புதியவை என்றாலும், இந்த 70 × 90 என்ற அளவை அவர்கள் தொடவில்லை. ஆனால் 2021 செப்டம்பரில் வந்த இப்போதைய கிளாசிக்கில் போர் 72 மி.மீ., ஸ்ட்ரோக் 85.8 மி.மீ., கொள்ளளவு 349 சி.சி. தோற்றத்தில் ஒரு கோட்டைக்கூட மாற்றத் தயங்கியவர்கள், அறுபது எழுபது ஆண்டுகளாக மாறாதிருந்த இந்த ஓர் அளவை மட்டும் ஏன் மாற்றினார்கள்? நீண்ட ஸ்ட்ரோக்தான் புல்லட்டின் உயிர் என்று சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் என்பதால் இதைக் கேட்கிறேன்.

#2 ஒற்றியூர் வாசகன்

இன்ஜினைப் பற்றி என்னைவிட நன்றாக அறிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்கள் வருவதற்குள் வரலாற்றுப் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் "பழைய பாணி" என்ற சொல்லை இந்த வண்டிக்குப் பொருத்தும்போது பலர் ஒரு குழப்பத்தில் விழுகிறார்கள்.

ராயல் என்ஃபீல்டு என்ற பெயர் 1893-ஐச் சேர்ந்தது. இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரத்து நிறுவனம் ஒன்று, என்ஃபீல்டில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிப் பாகங்கள் செய்து கொடுத்தது. அந்தத் தொடர்பில்தான் இந்தப் பெயரும், "துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது" என்ற விளம்பர வாசகமும், பீரங்கிச் சின்னமும் வந்தன. முதல் மோட்டார் சைக்கிள் 1901-இல் வெளிவந்தது. புல்லட் என்ற பெயர் 1932-இல் சூட்டப்பட்டது. ஆனால் நாம் புல்லட் என்று அறிந்திருக்கும் வடிவம் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய 1948-ஐச் சேர்ந்தது. அன்று பெரும்பாலான சாலை வண்டிகளின் பின்சக்கரம் ஸ்பிரிங் ஏதுமின்றி நேராகச் சட்டகத்தில் பிணைக்கப்பட்டிருந்தது. புல்லட்டோ, பின்சக்கரத்தை மேலும் கீழும் ஆடவிடும் ஸ்விங் ஆர்மும், அந்த ஆட்டத்தை அடக்கும் எண்ணெய் டாம்பரும் கொண்டு வந்தது. அவ்வளவு மென்மையாகப் பின்சக்கரத்தை ஆடவிட்டால் வண்டி பிடி தளர்ந்துவிடும் என்று அப்போது ஐயப்பட்டவர்கள் உண்டு. அதே ஆண்டு இத்தாலியில் நடந்த ஆறு நாள் தாங்குதிறன் போட்டியில் இரண்டு புல்லட் ஓட்டுநர்கள் தங்கப்பதக்கம் பெற்றபின் அந்தப் பேச்சு அடங்கியது. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: பிறந்தபோது புல்லட் பழைய பாணி வண்டி அல்ல, தன் காலத்தில் முன்வரிசையில் நின்ற வண்டி.

1950-களின் முற்பகுதியில் எல்லைக் காவலுக்காக இந்திய அரசு 800 புல்லட்களை வாங்கியது. 1955-இல் ரெடிட்ச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைக் கோத்தார்கள். பிறகு படிப்படியாக எல்லாப் பாகங்களையும் இங்கேயே வார்க்கவும் கடையவும் தொடங்கினார்கள். இதற்கிடையே தாய் நிறுவனம் நொடித்தது. ரெடிட்ச் ஆலை 1967-இலும், பிராட்ஃபோர்டு ஆன் ஏவனில் எஞ்சியிருந்த பிரிவு 1970-இலும் மூடப்பட்டன. 1977-இல் என்ஃபீல்டு இந்தியா அதே 350 புல்லட்டை இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. புகுந்த வீட்டிலிருந்து பிறந்த வீட்டுக்குச் சீர் போன கதை இது.

ஆக, அரை நூற்றாண்டுக் காலம் திருவொற்றியூரில் யாரும் பழமையை "வடிவமைக்க"வில்லை. இறக்குமதித் தடைகளும் ராணுவ, காவல்துறை ஆணைகளும் இருந்த சந்தையில் மாற்றுவதற்கு நெருக்கடி ஏற்படவில்லை, அதனால் மாற்றவில்லை. ஜப்பானியக் கூட்டு 100 சி.சி. வண்டிகள் 1980-களில் வந்தபின் அந்தச் சொகுசு போய்விட்டது. 1990-இல் ஐஷர் குழுமம் இந்த நிறுவனத்தில் பங்கு வாங்கியது. 1994-இல் நிறுவனம் முழுமையாக அதன் கைக்குப் போனது. 2002-இல் ஜெய்ப்பூர் ஆலை மூடப்பட்டது. பழைய வடிவத்தைத் தெரிந்தே, திட்டமிட்டு, ஒரு விற்பனைப் பண்பாக எடுத்துக்கொண்ட முதல் வண்டி 2009-இன் கிளாசிக்தான். 2010-இல் 50,000-ஐ ஒட்டியிருந்த ஆண்டு விற்பனை, 2018-19 நிதியாண்டில் 8 லட்சத்தைத் தாண்டியதற்குப் பெருங்காரணம் அது.

உங்கள் இரண்டு வண்டிகளையும் அண்ணன் தம்பி என்றீர்கள். தாத்தாவின் சட்டையை அளவெடுத்துத் தைத்துப் போட்டுக்கொண்ட பேரன் என்பது இன்னும் பொருந்தும்.

#3 பாயிண்ட் செட்

சொந்தப் பட்டறையில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வார்ப்பிரும்பு புல்லட்களைப் பிரித்து மாட்டியவன் என்ற முறையில், அந்தத் "தாத்தா" எப்படிப்பட்டவர் என்று பதிவு செய்ய விரும்புகிறேன். புதியவர்கள் ஏக்கத்தோடு பேசுகிறார்கள். அதில் பாதி, பிரித்துப் பார்க்காதவர்களின் ஏக்கம்.

பழைய இன்ஜினில் கியர்பாக்ஸ் தனிப் பெட்டி. இன்ஜினின் முதுகில் போல்ட் போட்டு ஒட்டியிருக்கும். நான்கு கியர்கள், வலது காலில்; முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. நியூட்ரலுக்குத் தனியாக ஒரு சிறு லீவர் உண்டு. குதிகாலால் ஒரு மிதி மிதித்தால் எந்த உயர் கியரிலிருந்தும் நேராக நியூட்ரலுக்கு வந்துவிடும். சிக்னலில் நிற்கும்போது அதைவிடச் சுகமான ஏற்பாட்டை இன்றுவரை நான் பார்த்ததில்லை. பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பெரிய முனையில் ரோலர் பேரிங் கிடையாது. கிராங்க் பின்னுக்கும் ராடுக்கும் நடுவே தானும் மெல்லச் சுழலும் மிதக்கும் புஷ்தான். எண்ணெய் ஒழுங்காகப் போனால் அது பல்லாயிரம் கிலோமீட்டர் உழைக்கும். பட்டினி போட்டால் ஒரே நாளில் பிடித்துக்கொள்ளும்.

எண்ணெய்க் கசிவைப் பற்றி எல்லோரும் கேலி பேசுவார்கள். பட்டறைக்கு வரும் பத்துப் பேரில் எட்டுப் பேர் "கேஸ்கட் மாற்றுங்கள்" என்றுதான் தொடங்குவார்கள். நான் முதலில் தேடுவது கேஸ்கட்டை அல்ல, கிராங்க் கேஸின் மூச்சுக் குழாய் முனையில் இருக்கும் வாத்தலகு போன்ற ரப்பர் துண்டை. பிஸ்டன் கீழே இறங்கும்போது உள்ளே அமுங்கும் காற்றை அது வெளியே விட வேண்டும். பிஸ்டன் மேலே ஏறும்போது இதழ் மூடிக்கொண்டு வெளிக்காற்றைத் தடுக்க வேண்டும். வெயிலிலும் எண்ணெயிலும் அந்த ரப்பர் விறைத்துப் போனால் உள்ளே அழுத்தம் கூடி, எந்த இணைப்பு இளைத்திருக்கிறதோ அந்த வழியாக எண்ணெய் பிதுங்கும். ஒரு சிறு ரப்பர் துண்டுக்காக இன்ஜின் முழுவதையும் பிரித்து, சிவப்புப் பசை தடவிப் பூட்டி, மறுபடியும் ஒழுகி, என்னிடம் வந்த வண்டிகள் ஏராளம்.

ஸ்டார்ட் செய்வதும் ஒரு சடங்குதான். சாவியைத் திருப்பி, ஆம்பியர் முள்ளைப் பார்த்துக்கொண்டே கிக்கரை மெதுவாக அழுத்த வேண்டும். கால் கனக்கும், முள் நடுக்கோட்டுக்கு வரும். அங்கே நிறுத்தி, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டெகாம்ப்ரெஷர் லீவரைப் பிடித்து, கிக்கரை ஒரு விரற்கடை மட்டும் கீழே தள்ளி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, பிறகு முழுதாக உதைக்க வேண்டும். தொழில் கற்ற புதிதில் முள்ளைப் பாராமல் அவசரத்தில் உதைத்து, கிக்கர் திருப்பி அடித்ததில் என் முழங்கால் எலும்பில் விழுந்த தழும்பு இன்னும் இருக்கிறது. தவறு என்னுடையது, வண்டி முன்கூட்டியே சொல்லித்தான் இருந்தது.

#4 புதுச்சக்கரம்

பாயிண்ட் செட் ஐயாவுக்கு வணக்கம். நான் கிளாசிக் 350 மட்டுமே ஓட்டியவன். என் வண்டியில் கிக்கரே கிடையாது. ஆம்பியர் மீட்டர் பேட்டரியின் மின்னோட்டத்தைத்தானே காட்டுகிறது? பிஸ்டன் எங்கே இருக்கிறது என்பது அதற்கு எப்படித் தெரியும்?

#5 பாயிண்ட் செட்

நல்ல கேள்வி, தம்பி. பாயிண்ட் என்பது சுவிட்ச் போலத் திறந்து மூடும் தொடுமுனை. அது மூடியிருக்கும்போது இக்னிஷன் காயில் வழியாக மின்னோட்டம் பாயும். முள் கழித்தல் பக்கம் சாயும். பாயிண்ட் திறக்கும் கணத்தில் ஓட்டம் அறுந்து முள் நடுவுக்கு வரும். ஸ்பார்க் பிறப்பதும் அதே கணத்தில்தான். பாயிண்டைத் திறக்கும் கேம், கிராங்க் இரண்டு முறை சுற்றினால் ஒரு முறை சுற்றும். எனவே அது கம்ப்ரெஷன் உச்சியில் மட்டுமே திறக்கும். புகை வெளியேறும் உச்சியில் திறக்காது. முள் நடுவுக்கு வந்தால், பிஸ்டன் சரியான உச்சியை நெருங்கிவிட்டது என்று பொருள். பேட்டரிக்காக வைத்த மீட்டர், ஓட்டுநருக்கு டைமிங் கருவியாகவும் உதவியது.

#6 அச்சுத்தண்டு

நெம்புகோலின் கேள்விக்கு வருகிறேன். தயாரிப்பாளர் வெளியிட்ட எண்களை வைத்தே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

2009 கிளாசிக்கின் ஒருங்கிணைந்த இன்ஜின் (யு.சி.இ. என்று நாம் அழைப்பது): நிமிடத்துக்கு 5250 சுற்றில் 19.8 குதிரைத்திறன், 4000 சுற்றில் 28 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்று விசை), கம்ப்ரெஷன் விகிதம் 8.5. 2021-இன் ஜே வரிசை இன்ஜின்: 6100 சுற்றில் 20.2 குதிரைத்திறன், 4000 சுற்றில் 27 நியூட்டன் மீட்டர், கம்ப்ரெஷன் 9.5.

திறன் என்பது டார்க்கையும் சுழல்வேகத்தையும் பெருக்கிக் கிடைப்பதுதான். திருப்பிக் கணக்கிட்டால், யு.சி.இ. தன் உச்சத் திறனில் சுமார் 26.9 நியூட்டன் மீட்டரும், ஜே இன்ஜின் தன் உச்சத் திறனில் சுமார் 23.6 நியூட்டன் மீட்டரும் தருகின்றன. 4000 சுற்றில் யு.சி.இ. ஏறத்தாழ 15.7 குதிரைத்திறன் தருகிறது, ஜே 15.2. அதாவது நாம் அன்றாடம் ஓட்டும் பகுதியில் பழைய இன்ஜினின் கை அரைப் பிடி ஓங்கியே இருக்கிறது. புதிய இன்ஜின் சாதித்தது கூடுதல் வலிமையை அல்ல, மேலே 850 சுற்றுக்குக் கூடுதலாக மூச்சுப் பிடிக்கும் திறனை. போர் இரண்டு மி.மீ. விரிந்தால் வால்வுகளுக்கு இடம் கிடைக்கும். ஸ்ட்ரோக் குறைந்தால் ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் ஓட வேண்டிய தூரம் குறையும். நெடுஞ்சாலையில் 90, 100 கி.மீ. வேகத்தில் இன்ஜின் திணறக் கூடாது என்பதே நோக்கம் என்று எண்ணுகிறேன்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. பிஸ்டன் உச்சியில் திரும்பும்போது எழும் விசை, ஸ்ட்ரோக்கின் நேர்விகிதத்திலும் சுற்று வேகத்தின் வர்க்கத்திலும் கூடும். ஸ்ட்ரோக் குறைந்ததால் ஒரே சுற்று வேகத்தில் அந்த விசை சுமார் 5 சதவீதம் குறைகிறது. 5250-இலிருந்து 6100-க்குப் போனதால் அதே விசை 35 சதவீதம் கூடுகிறது. இரண்டையும் சேர்த்தால், பிஸ்டனின் எடை ஒன்றே என்று கொண்டாலும், உச்சத் திறன் புள்ளியில் குலுக்கம் 28, 29 சதவீதம் அதிகம். ஆகவே "ஸ்ட்ரோக்கைக் குறைத்ததால் வண்டி மென்மையாயிற்று" என்று பலர் எழுதுவது சரியன்று. மென்மைக்குக் காரணம் வேறு.

#7 கோடைமழை

அச்சுத்தண்டின் கணக்கை ஏற்கிறேன். முடிவை ஏற்கத் தயக்கமாக இருக்கிறது. ஹோண்டா 2020-இல் இதே சந்தைக்காகக் கொண்டுவந்த ஹைனஸ் சிபி 350-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் தாளிலிருந்து வரையப்பட்ட புத்தம் புதிய இன்ஜின். பழைய அளவுகள் எதற்கும் அது கட்டுப்பட்டதல்ல. அதன் போர் 70 மி.மீ.; ஸ்ட்ரோக் 90.5 மி.மீ.! புல்லட்டின் அளவை அரை மி.மீ. நீட்டி அப்படியே எடுத்துக்கொண்டது போல இருக்கிறது. டார்க் 30 நியூட்டன் மீட்டர், அதுவும் 3000 சுற்றிலேயே. குதிரைத்திறனும் 5500 சுற்றில் 20.8.

ஆக, நீண்ட ஸ்ட்ரோக் இந்தக் காலத்துக்கு ஒத்துவராது என்ற வாதம் நிற்காது. எழுபது ஆண்டுகள் 90 மி.மீ. வைத்திருந்தவர் கிளாசிக்கில் அதைக் கைவிட்டதற்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே, எதிர்க்கடைக்காரர் அதை எடுத்து மாட்டிக்கொண்டார்.

#8 அச்சுத்தண்டு

கோடைமழையின் எடுத்துக்காட்டு கூர்மையானது; என் வாதத்தை நான் திருத்திக்கொள்ள வேண்டியதாகிறது. ஹோண்டாவும் ஜே இன்ஜினும் ஸ்ட்ரோக்கில் எதிரெதிர் திசையில் போயிருக்கின்றன. ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் இரண்டும் ஒன்றுபட்டு, பழைய புல்லட்டிலிருந்து விலகுகின்றன. அது பேலன்சர் தண்டு.

ஒற்றைப் பிஸ்டன் மேலும் கீழும் ஓடும்போது எழும் விசையை, எதிரெதிர்த் திசைகளில் சுழலும் இரண்டு சம விசைகளாகப் பிரித்துப் பார்க்கலாம். கிராங்கின் எதிர்ப்பக்கத்தில் பிஸ்டனின் பாதி எடைக்கு ஈடாக ஒரு கனத்தை வைத்தால், கிராங்கோடு சேர்ந்து சுழலும் பாதி அழிந்துவிடும். எஞ்சிய பாதி, கிராங்குக்கு எதிர்த்திசையில் அதே வேகத்தில் சுழன்றுகொண்டே இருக்கும். கிராங்கில் எவ்வளவு கனத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் அதைத் தொட முடியாது. முழு எடைக்கும் ஈடுகட்டினால் மேல்கீழ்க் குலுக்கம் போய், முன்பின் குலுக்கம் வந்து சேரும். தலைவலி போய்த் திருகுவலி வந்த கதைதான். பழைய புல்லட், யு.சி.இ. இரண்டிலும் வடிவமைப்பாளர்கள் செய்ய முடிந்ததெல்லாம், குலுக்கத்தை ஓட்டுநருக்கு எந்தத் திசையில் குறைவாக உறுத்துமோ அந்தத் திசைக்குத் தள்ளியதுதான்.

எஞ்சிய பாதியைக் கொல்ல ஒரே வழி, கிராங்குக்கு எதிர்த்திசையில் அதே வேகத்தில் சுழலும் இன்னொரு கனமான தண்டு. ஜே இன்ஜினில் அது தனித் தண்டாக இருக்கிறது. ஹோண்டா அதைக் கியர்பாக்ஸின் முதன்மைத் தண்டோடு ஒரே அச்சில் அமைத்து இடத்தை மிச்சப்படுத்தியிருக்கிறது. இரண்டிலும் மிஞ்சுவது, இரு மடங்கு வேகத்தில் வரும் சிறு அதிர்வு மட்டும். முதல் விசையில் சுமார் கால் பங்கு. கைப்பிடியில் நாம் உணரும் மெல்லிய சிலிர்ப்பு அதுதான்.

எனவே என் திருத்திய கருத்து: மென்மை பேலன்சரால் வந்தது. ஸ்ட்ரோக் என்பது ஒரு தேர்வு, கட்டாயம் அல்ல. ஹோண்டா கீழ்ச்சுற்று இழுவையைத் தேர்ந்தது. ராயல் என்ஃபீல்டு, மீட்டியோர் என்ற பயண வண்டியில் தொடங்கி, கிளாசிக், பின்னர் ஹண்டர், 2023-இல் புல்லட் என எல்லாவற்றுக்கும் பொதுவாக ஓர் இன்ஜினைத் தேடியது. மேலே சற்றுச் சுற்றக்கூடிய இன்ஜின் அந்தக் குடும்பத்துக்குப் பொருந்தியிருக்கும்.

#9 லேத் பட்டறை

எல்லோரும் பழைய வார்ப்பிரும்பிலிருந்து நேராக ஜே-க்குத் தாவுகிறீர்கள். இடையில் நடந்ததுதான் கடினமான வேலை.

முதலில், ஆஸ்திரியாவின் ஏ.வி.எல். நிறுவனத்தின் துணையோடு முழு அலுமினிய இன்ஜின் வந்தது. குறைந்த பெட்ரோலில் எரியும்படி அமைத்தது. ஆனால் கியர்பாக்ஸ் அப்போதும் தனிப் பெட்டிதான். பிறகு 2008-இல் தண்டர்பேர்டில் யு.சி.இ. வந்தது. இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் மூன்றும் ஒரே கூட்டுக்குள் அடங்கின. பெரிய முனையில் மிதக்கும் புஷ் போய் ரோலர் பேரிங் வந்தது. வால்வுகளைத் தள்ளித் திறக்கும் புஷ் ராடுகள் இருந்தன. ஆனால் அவற்றின் அடியில் எண்ணெய் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் டாப்பெட்கள் வந்ததால், மூடியைக் கழற்றிப் புஷ் ராடை விரலால் உருட்டிப் பார்த்து இடைவெளி வைக்கும் கைவேலை முடிவுக்கு வந்தது. என்னைப் போன்றவர்களின் மாதாந்திர வருமானத்தில் ஒரு பகுதியும் அதோடு போயிற்று.

ஜே இன்ஜினில் புஷ் ராடே இல்லை. கேம் தண்டு தலைக்கு ஏறி, செயினால் ஓடுகிறது. கிராங்கிலிருந்து கிளட்சுக்குச் செயின் போய்ப் பற்சக்கரம் வந்துவிட்டது. சட்டகமும் மாறியது. முன்பு இன்ஜினையே சட்டகத்தின் ஒரு பகுதியாக வைத்து ஒற்றைக் குழாய் முன்னே இறங்கும். இப்போது இரண்டு குழாய்கள் இறங்குகின்றன. 2015-இல் ராயல் என்ஃபீல்டு வாங்கிய ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ் என்ற ஆங்கிலேயச் சட்டக நிறுவனத்தின் கைவேலை அதில் இருக்கிறது. முன்ஃபோர்க்கின் குழாய் 41 மி.மீ. விட்டம் கொண்டது. வளைவில் வண்டியைச் சாய்த்து ஓட்டிப் பார்த்தவர்களுக்கு, இன்ஜினைவிடச் சட்டகத்தில்தான் பெரிய மாற்றம் என்று தெரியும். என் கருத்தில், இந்த இழையின் தலைப்பே சட்டகத்தைப் பற்றி இருந்திருக்க வேண்டும்.

#10 வரிவிலக்கு

இன்ஜின் கொள்ளளவு 349 சி.சி.யில் நின்றதற்கு வேறொரு காரணத்தையும் மறக்க வேண்டாம். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது 350 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 28 சதவீத வரியோடு 3 சதவீதக் கூடுதல் தீர்வையும் விதிக்கப்பட்டது. 2025 செப்டம்பரில் அந்தப் பிளவு இன்னும் பெரிதாயிற்று: 350 சி.சி. வரை 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். ஆங்கிலேயர் காலத்துக் கொள்ளளவு வகுப்பு ஒன்று நம் வரிப் பட்டியலின் எல்லைக்கல்லாக மாறியிருக்கிறது. போரை விரித்தால் ஸ்ட்ரோக்கைக் குறைத்தே ஆக வேண்டும், 72 மி.மீ. போருக்கு 90 மி.மீ. ஸ்ட்ரோக் வைத்தால் 366 சி.சி. ஆகிவிடும்.

#11 கோடைமழை

வரிவிலக்கு சொன்னது எனக்குத் தோன்றாத கோணம். 366 என்ற கணக்கையும் சரிபார்த்தேன், சரிதான்.

பழைய தோற்றத்தைக் கையாள்வதில் மற்ற நாடுகளில் என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்கலாம். இங்கிலாந்தின் டிரையம்ஃப் நிறுவனம் 2001-இல் தன் பழைய "போனவில்" வண்டியை மீட்டெடுத்தது. பின்னர் மாசு விதிகளுக்காகப் பெட்ரோல் இன்ஜெக்ஷனுக்கு மாறியபோது, காற்றை உள்ளே விடும் த்ராட்டில் பாடிகளைக் கார்புரேட்டர் போலவே தோன்றும்படி வார்த்தார்கள். எனக்கு அது கொஞ்சம் நாடகமாகவே படுகிறது. கவாசாகி 1999-இல் டபிள்யூ 650-இல் வேறு வழியில் போனது: கேம் தண்டை ஓட்ட, செயினுக்குப் பதிலாகச் செங்குத்துத் தண்டும் சாய்பற்சக்கரங்களும் வைத்தது. வெளியே பளபளவென்று தெரியும் அந்தக் குழாய் அலங்காரம் அல்ல; உள்ளே உண்மையிலேயே வேலை நடக்கிறது. யமஹா எஸ்.ஆர். 400-ஓ 1978-இல் தொடங்கி 2021-இல் ஜப்பானில் விடைபெறும் வரை செல்ஃப் ஸ்டார்ட்டரே வைக்கவில்லை.

கிளாசிக் 350 இந்த மூன்றுக்கும் நடுவில் நிற்கிறது. சிலிண்டரின் துடுப்புகள் போலியல்ல; காற்றும் எண்ணெயும்தான் அதைக் குளிர்விக்கின்றன. இதே சந்தையில் 2018-இல் திரும்பி வந்த ஜாவாவில் துடுப்புகள் இருக்கின்றன, ஆனால் குளிர்விப்பது ரேடியேட்டர். முகப்புத் தொப்பி 1954-இல் ரெடிட்சில் பிறந்தது. அதில் ஆம்பியர் மீட்டர் இருந்திருக்கக்கூடிய இடத்தில் இன்று திசைகாட்டும் குட்டித் திரையைப் பொருத்திக்கொள்ளலாம்.

#12 ஒற்றியூர் வாசகன்

தோற்றத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்கிறேன். டேங்கின் இருபுறமும் ஓடும் பொன்னிறக் கோடுகளைச் சென்னை ஆலையில் நெடுங்காலமாகக் கையால்தான் தீட்டி வந்திருக்கிறார்கள். நீண்ட மயிர்த் தூரிகையை வண்ணத்தில் தோய்த்து, சுண்டுவிரலை டேங்கின்மீது ஊன்றி, மூச்சை அடக்கி, வளைவு முழுவதையும் ஒரே இழுப்பில் முடிப்பார்கள். அளவுகோலும் இல்லை, ஒட்டுத்தாளும் இல்லை. பழைய டேங்கை வெயிலில் சாய்த்துப் பார்த்தால், கோடு தொடங்கும் இடத்தில் தூரிகை அமுங்கிய சிறு தடிப்புத் தெரியும். நெம்புகோல் தம் அப்பாவின் வண்டியில் பார்க்கட்டும்.

#13 புதுச்சக்கரம்

பேலன்சர் வந்ததால் அந்த "டக் டக்" ஓசை செத்துவிட்டது என்று எங்கள் தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். அது உண்மையா?

#14 அச்சுத்தண்டு

பேலன்சர் குலுக்கத்தைத்தான் குறைக்கிறது. ஓசை புகைக்குழாயிலிருந்து வருகிறது. ஒற்றைச் சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் 1000 சுற்றில் வினாடிக்கு எட்டு முறைதான் வெடிக்கிறது. வினாடிக்கு சுமார் 20 என்ற அளவுக்குக் கீழே இருக்கும் வரை நம் காது அவற்றைத் தனித்தனித் தட்டுகளாகக் கேட்கும். அதைத் தாண்டினால் தொடர் ஒலியாகிவிடும். 20 என்பது 2400 சுற்று. அதற்குக் கீழே எவ்வளவு நேரம் வண்டி நிதானமாக ஓடுகிறதோ அவ்வளவு நேரம் "டக் டக்" இருக்கும். அப்படி ஓட, வெடிப்புக்கும் வெடிப்புக்கும் நடுவே கிராங்கைத் தூக்கிச் செல்லும் கனத்த ஃப்ளைவீல் வேண்டும். ஓசை மெலிந்ததற்குப் பெரும் காரணம், மாசு விதிகளுக்காக வந்த, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிஸ்டும் கடுமையான சைலன்சர் விதிகளும்தான். பேலன்சரின்மேல் பழி போட வேண்டாம்.

#15 நெம்புகோல்

அனைவருக்கும் நன்றி. நேற்று அதிகாலை இரண்டு வண்டிகளையும் ஒரே சாலையில், அடுத்தடுத்து ஓட்டிப் பார்த்தேன். மூன்றாவது கியரில் 25 கி.மீ. வேகத்துக்கு இறக்கி, கிளட்சைத் தொடாமல் த்ராட்டிலைத் திறந்தேன். அப்பாவின் வண்டி ஒவ்வொரு தட்டையும் எண்ணிக்கொண்டு, சிறிதும் முனகாமல் இழுத்தது. புதியதும் இழுத்தது, ஆனால் முதல் சில அடிகளில் ஒரு சிறு உதறல் இருந்தது. யு.சி.இ.-க்கும் ஜே-க்கும் இடையே அரை குதிரைத்திறன் என்று அச்சுத்தண்டு சொன்ன வேறுபாட்டின் திசை, அப்பாவின் வண்டியிலும் எனக்குக் காலில் தெரிந்தது; அளவு தெரியவில்லை. 70 கி.மீ.யைத் தாண்டியதும் நிலை தலைகீழாயிற்று. பழைய வண்டியின் கண்ணாடியில் பின்னால் வந்த லாரி ஒரு மஞ்சள் கறையாகத்தான் தெரிந்தது. புதியதில் அதன் முகப்பில் எழுதியிருந்த ஊர்ப்பெயரைப் படிக்க முடிந்தது.

பாயிண்ட் செட் ஐயா சொன்ன வாத்தலகு ரப்பரை வந்ததும் கழற்றிப் பார்த்தேன். மரக்கட்டை போல் விறைத்து, இதழ் ஒரு பக்கம் பிளந்திருக்கிறது. வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வைப்பது எங்கள் வீட்டு வழக்கமானதன் காரணம் இப்போதுதான் புரிகிறது. டேங்கின் கோட்டையும் பார்த்தேன். இடப்பக்கம், முட்டி உரசும் ரப்பருக்குச் சற்று மேலே அந்தத் தடிப்பு இருக்கிறது. புதிய ரப்பருக்கு எந்த அளவு கேட்டு வாங்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள், ஐயா.

#16 பாயிண்ட் செட்

அளவு சொல்லத் தேவையில்லை. பழைய துண்டையே கையில் எடுத்துக்கொண்டு போங்கள். வாங்கியதும் இதழை விரலால் பிதுக்கிப் பாருங்கள். வாய் ஒட்டிக்கொண்டிருந்தால் மாட்டாதீர்கள்.